நீர்த்திரிகையும் நீருரிமையும்: இமயமலைக் கிராமங்களை முன்வைத்து ஒரு விவாதம்

இமயமலைச் சாரற் கிராமங்களில் ஓடைநீரின் விசையால் தானியம் அரைக்கும் திரிகைகள் பற்றி இருவகைக் கருத்துக்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஒரு சாரார் அவற்றைப் பின்தங்கிய உற்பத்தி முறையின் எச்சங்களாகக் கருதுவர். டீசல் இயந்திரமும் மின்மோட்டாரும் வந்துவிட்ட பின்னர் மரச்சக்கரத்துக்கு இனி வேலையில்லை என்பதும், அதனைப் பற்றிப் பேசுவது வெறும் பழமைவாதம் என்பதும் அவர்தம் முடிபு. மற்றொரு சாரார் அவற்றை இயற்கையோடியைந்த வாழ்வின் சின்னங்களாகப் போற்றுவர். சுற்றுலாப் பிரசுரங்களின் வண்ணப் படங்களிலும், கல்லில் அரைத்த மாவுக்கு இருமடங்கு விலை கேட்கும் நகரத்து விளம்பரங்களிலும் இவர்தம் குரலைக் கேட்கலாம்.

ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும் இவ்விரு கருத்துக்களும் ஓரிடத்தில் உடன்படுகின்றன. இரண்டும் திரிகையை ஒரு பொருளாக மட்டுமே காண்கின்றன. ஒன்று அதனைக் குப்பையிலும் மற்றொன்று அதனைக் கண்ணாடிப் பேழையிலும் வைக்க விரும்புகின்றது. அதனைச் சுழற்றும் ஓடை யாருடையது, அது இயங்கும் கொட்டிலின் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்னும் வினாக்களை இரு சாராருமே எழுப்புவதில்லை. இவ்வினாக்களை விலக்கிவிட்டுத் திரிகையின் வாழ்வையோ அழிவையோ விளக்க முற்படுதல் வேரை விட்டு இலையை ஆராய்வதற்கு ஒப்பாகும்.

1. பொறியும் வாழ்வும்

திரிகையின் அமைப்பு எளிமையானது; எனினும் அவ்வெளிமை அறியாமையின் விளைவன்று. ஓடையின் மேற்பகுதியிற் கல்லும் மண்ணும் கொண்டு சிறு அணையொன்று இடப்படும். அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டிச் செல்லும் வாய்க்கால் நீரைக் கொட்டிலின் பின்புறம்வரை கொண்டுவரும். அவ்விடத்தில், குடைந்த மரத்தாலான சாய்ந்த பீலி வழியே நீர் விசையுடன் இறங்கி, கொட்டிலின் அடியிற் கிடையாகச் சுழலும் சக்கரத்தின் மரத்தகடுகளைத் தாக்கும். சக்கரத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் அச்சு, கீழ்க்கல்லின் துளையினூடாக மேலெழுந்து மேற்கல்லைத் தாங்கும். சக்கரம் ஒருமுறை சுழன்றால் மேற்கல்லும் ஒருமுறை சுழலும். இடையிற் பற்சக்கரமும் இல்லை, பட்டியும் இல்லை. ஐரோப்பாவிற் பெருவழக்குப் பெற்ற நிலைக்குத்துச் சக்கரம் பருமனான நீரோட்டத்தையும் பல்லிணைப்புக்களையும் வேண்டி நிற்பது. சிறிதளவு நீரும் செங்குத்தான சரிவும் உள்ள மலைநாட்டுக்குக் கிடைச்சக்கரமே தகுந்தது.

தானியம் இடும் முறை இதனிலும் நுட்பமானது. கற்களுக்கு மேலே கூம்பு வடிவான கூடையொன்று தொங்கும். அதன் வாயோடு பொருத்தப்பட்ட சிறுகோல் ஒன்று சுழலும் மேற்கல்லின்மீது உராய்ந்தபடி அதிரும். அவ்வதிர்வுக்கேற்பத் தானியம் கல்லின் கண்ணுள் விழும். நீர் பெருகிக் கல் விரைந்தால் அதிர்வும் விரைந்து தானியமும் மிகுதியாக விழும். நீர் குறைந்தால் அதுவும் குறையும். மேற்பார்வை இன்றியே தன்னைத்தான் நெறிப்படுத்தும் பொறி இது. அச்சின் அடியிலுள்ள விட்டத்தை நெம்பி உயர்த்தியும் தாழ்த்தியும் கற்களின் இடைவெளியை மாற்றலாம். மாவு வேண்டுவோர் மாவும் குறுநல் வேண்டுவோர் குறுநலும் பெறுவர்.

நேபாளத்தில் இது 'கட்டா' எனவும், உத்தரகண்டிலும் ஹிமாசலப் பிரதேசத்திலும் 'கராட்' எனவும், லடாக்கில் 'ரந்தக்' எனவும் வழங்கும். நேபாளத்தில் 25,000 அளவிலும் இந்திய இமயப் பகுதியில் இரண்டு இலட்சம் அளவிலும் இத்திரிகைகள் உள்ளன என்பது பரவலாக எடுத்தாளப்பட்டு வந்த மதிப்பீடு. சோளம், குரக்கன், கோதுமை, வாற்கோதுமை ஆகியன இவற்றில் அரைபட்டன. மலையின் உயர்ந்த பகுதிகளில் வறுத்த வாற்கோதுமை மாவே அன்றாட உணவு. அப்பகுதிகளில் வாழும் பௌத்தர் அதே ஓடைகளில் மந்திரம் பொறித்த உருளைகளையும் நீரின் விசையாற் சுழலச் செய்தனர். வழிபாடும் உணவும் ஒரே நீரோட்டத்திற் பிணைந்திருந்தன.

அரைப்புக் கூலி பெரும்பாலும் காசாக இருக்கவில்லை. அரைத்ததில் ஒரு சிறு பங்கைத் திரிகைக்காரர் எடுத்துக்கொள்வார். பணப்புழக்கம் அரிதான மலைக்கிராமத்தில் இது பெரிய வசதியாகும். கையிற் காசில்லாதவரும் மாவோடு வீடு திரும்பலாம். ஆண்டுதோறும் பருவமழை அணையையும் வாய்க்காலையும் சிதைத்துச் செல்லும். மழை ஓய்ந்ததும் அவற்றைச் செப்பனிட வேண்டும். பல இடங்களில் அதே வாய்க்காலே வயலுக்கும் நீர் கொடுப்பது. எனவே நாற்று நடும் காலத்தில் திரிகை காத்திருக்கும். வயலின் தேவை தீர்ந்ததும் சக்கரம் சுழலும். யாருக்கு எப்பொழுது எவ்வளவு நீர் என்பதை எழுதாத வழக்காறு ஒன்று தீர்மானித்தது. ஆதலின் திரிகை என்பது கல்லும் சக்கரமும் மட்டுமன்று. நீரைப் பங்கிடும் ஒரு சமூக ஒழுங்கு அது. அவ்வொழுங்கின் நன்மையும் தீமையும் அதனுட் பொதிந்திருந்தன.

2. 'பின்தங்கிய' பொறி என்னும் வாதம்

திட்டமிடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது திறன் பற்றிய கணக்காகும். விநாடிக்கு 40 லீற்றர் நீர் 4 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஓடையொன்றை எடுத்துக்கொண்டால், அந்நீரில் அடங்கிய வலு ஏறத்தாழ 1.6 கிலோவாற் ஆகும். மரச்சக்கரம் அதில் நாலிலொரு பங்கையே கல்லுக்குச் சேர்க்குமாயின் கிடைப்பது 0.4 கிலோவாற். இதனைக்கொண்டு மணித்தியாலத்துக்கு 10 முதல் 20 கிலோகிராம் தானியம் அரைக்கலாம். டீசல் ஆலையோ இதனைப் பன்மடங்கு விரைவில் முடித்துவிடும். எனவே மரச்சக்கரம் வீணடிக்கும் பொறி என்பது அவர்தம் தீர்ப்பு.

இத்தீர்ப்பு 'வீண்' என்னும் சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டதன் பயனாகும். சக்கரத்தைத் தாக்கிய நீர் அழிந்துபோவதில்லை. அடுத்த கணம் அது ஓடையிலோ வயல் வாய்க்காலிலோ சேர்கின்றது. கீழே மற்றொரு திரிகையைச் சுழற்றுகின்றது. ஒரே ஓடையின் வழியிற் படிப்படியாகப் பல திரிகைகள் அமைந்திருத்தல் இதனாலேயே இயல்வதாயிற்று. டீசல் இயந்திரமும் தன் எரிபொருளிலுள்ள சக்தியிற் பெரும்பகுதியை வெப்பமாகவே இழக்கின்றது. அவ்வாறு இழந்த எரிபொருள் திரும்புவதில்லை. அதற்குக் கொடுத்த பணமும் கிராமத்துக்கு மீள்வதில்லை. நீர் இழந்ததை நட்டக் கணக்கிலும் டீசல் இழந்ததை முன்னேற்றக் கணக்கிலும் எழுதும் கணக்கு முறை பொருளியலாகாது.

டீசலின் உண்மை விலையை அதன் வழி அறுபடும்போதே உணரலாம். 2015 ஏப்ரல் 25இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். அவ்வழிவிலிருந்து மீளுமுன்னரே, செப்ரெம்பரிற் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததையடுத்து இந்திய எல்லையில் ஏற்பட்ட தடை 2016 பெப்ரவரி வரை நீடித்தது. எரிபொருள் ஏற்றிய வண்டிகள் எல்லையில் நின்றன. டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். 2022இல் எரிபொருள் வரிசைகளைக் கண்ட இலங்கை வாசகருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. எல்லைக்கப்பாலிருந்து வரும் எண்ணெயை மட்டுமே நம்பி உணவை அரைக்கும் கிராமம், தன் உணவின் திறவுகோலைப் பிறர் கையிற் கொடுத்த கிராமமாகும். ஓடையை மறிக்க எல்லைச் சாவடியால் இயலாது.

திரிகை மாற்றத்துக்கு இடங்கொடாத பொறி என்பதும் உண்மையன்று. 1980களின் தொடக்கத்தில் காட்மண்டுவின் உலோக வினைஞர் அக்கல் மான் நகர்மி, பழைய திரிகையின் அடிப்படையை விடாமல், அரைத்தலோடு பிற வேலைகளையும் செய்யவல்ல உலோகச் சுழலியொன்றை உருவாக்கினார். பின்னர் கிண்ணம் போல் வளைந்த தகடுகளைக் கொண்ட உலோகச் சக்கரமும் குண்டுப் போதிகையும் பொருத்திய திருத்திய திரிகைகள் நேபாளத்தில் ஆயிரக்கணக்கிற் பரவின. உத்தரகண்டில் அனில் பிரகாஷ் ஜோஷியின் ஹெஸ்கோ நிறுவனம் இதனையொத்த பணியை மேற்கொண்டது. அதே ஓடை, அதே கொட்டில், அதே கற்கள். அரைப்பு இருமடங்கும் அதற்கு மேலும் உயர்ந்தது. அச்சை மேலே நீட்டிப் பட்டி பூட்டினால் நெற்குற்றும் பொறியையும், எண்ணெய் ஆட்டும் பொறியையும், சிறு மின்பிறப்பாக்கியையும் இயக்கலாம். வேண்டியிருந்தவை சிறு முதலும் சிறிது அக்கறையுமே. பேரணைகளுக்குக் கோடிகளை ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இச்சிறு தொகை கண்ணிற் படாமற் போனதைத் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

3. பொற்காலம் என்னும் பொய்

மறுபுறத்தே நிற்கும் ரசிகர் கூட்டத்தின் வாதமும் ஆராய்ச்சிக்கு நில்லாது. நீராலையின் வரலாறு அமைதியான ஓடையின் வரலாறன்று. பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் புளொக் 1935இல் வெளியிட்ட கட்டுரையில், இடைக்கால ஐரோப்பாவில் நிலப்பிரபுக்கள் தம் நீராலைகளிலேயே அரைக்க வேண்டுமென உழவரை வலுக்கட்டாயப்படுத்திய வரலாற்றை விரிவாக எடுத்துரைத்தார். 1086இல் தொகுக்கப்பட்ட ஆங்கிலேயரின் டூம்ஸ்டே ஏடு ஏறத்தாழ 6,000 ஆலைகளைக் கணக்கிட்டமை அவை வருவாய் தரும் சொத்துக்களாய் இருந்தமையாலேயே. இங்கிலாந்தின் சென் ஓல்பன்ஸ் நகரத்து மடத்தலைவர் ஒருவர் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மக்களின் கைத்திரிகைகளைப் பறிமுதல் செய்து, அக்கற்களை மடத்தின் தளத்திற் பதிப்பித்தார். 1381இன் உழவர் எழுச்சியின்போது மக்கள் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று அத்தளத்தைப் பெயர்த்துத் தம் கற்களை மீட்டமையாகும்.

கைத்திரிகையை நிலப்பிரபுவோடும் நீராவி ஆலையை முதலாளியோடும் இணைத்து 1847இல் மார்க்ஸ் கூறிய கருத்தைப் பொறிமுறையாக ஒப்புவிப்போர் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குதல் நன்று. அங்கே கைத்திரிகை உழவனின் கருவியாகவும் நீராலை பிரபுவின் கருவியாகவும் எதிரெதிரே நின்றன. பொறி தானாகவே ஒரு சமுதாயத்தைப் படைத்துவிடுவதில்லை. அதனை யார் உடைமையாகக் கொண்டுள்ளனர், எவ்வுரிமையின்பேரில் இயக்குகின்றனர் என்பனவே அதன் சமூகப் பண்பை நிர்ணயிக்கின்றன.

இமயத்திலே பிரபுவின் ஆலை உரிமை ஐரோப்பாவிற் போன்று வலுப்பெறவில்லை எனினும் அங்கே மற்றொரு பூட்டு இருந்தது. அது சாதி. நேபாளத்தின் 1854ஆம் ஆண்டுச் சட்டக்கோவையான 'முலுகி ஐன்' மக்களைப் பாகுபடுத்துகையில், எவர் கையால் நீர் கொள்ளலாம், எவர் கையாற் கொள்ளலாகாது என்பதையே அளவுகோலாகக் கொண்டது. மலைக்கொல்லரான 'காமி' சாதியினர் நீர் கொள்ளலாகாதோர் வரிசையில் வைக்கப்பட்டனர். திரிகையின் அச்சு நின்று சுழலும் இரும்பாணி கொல்லன் உலையிற் பிறப்பது. அவன் வடித்த இரும்பு அவ்வோடையில் நாள்முழுதும் நனையலாம்; அவன் கை நனையலாகாது. இயற்கையோடியைந்த வாழ்வு எனப் பாடுவோர் இவ்வியைபுக்கு என்ன பெயர் சூட்டுவர்?

இது கழிந்த காலத்துக் கதையுமன்று. நேபாளத்திற் சாதிப் பாகுபாட்டையும் தீண்டாமையையும் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2011இல் நிறைவேறியது. இந்திய அரசியலமைப்பு 1950 முதலே தீண்டாமையை ஒழித்துள்ளது. அவ்வாறிருந்தும் 2016 அக்டோபரில் உத்தரகண்டின் பாகேஸ்வர் மாவட்டத்தில் மாவாலையொன்றினுள் நுழைந்து அதனைத் தீட்டுப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தலித் ஒருவர் கொலை செய்யப்பட்டார். கல்லைச் சுழற்றும் விசை எதுவாயினும் கதவைக் காக்கும் மனம் மாறாவிடின் விளைவு ஒன்றே. கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் ஆலய வாயிலிலும் இதே பூட்டை உடைக்கப் போராட வேண்டியிருந்த யாழ்ப்பாணச் சமுதாயத்துக்கு இது அந்நியமான செய்தியன்று.

பெண்களின் உழைப்பை நோக்குமிடத்தும் இருமுகமான உண்மையே புலப்படும். நீர்த்திரிகை இல்லாத வீட்டில் 'ஜாந்தோ' எனும் கைத்திரிகையைச் சுழற்றுவது பெண்ணின் விடியற்காலக் கடமை. மணித்தியாலக் கணக்கில் அமர்ந்து சுழற்றினாலும் சில கிலோகிராம் மாவே தேறும். அவ்வகையில் நீர்த்திரிகை ஒரு விடுதலையே. கிரேக்கக் கவிஞர் அந்திபாத்தர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நீராலையைப் புகழ்ந்தபோது, திரிகை சுழற்றிய பெண்களின் கைகளுக்குக் கிடைத்த ஓய்வையே சிறப்பித்தார். ஆயினும் ஓடை பள்ளத்திலும் வீடு மேட்டிலும் இருக்கும் மலைநாட்டில், தானிய மூட்டையோடு இறங்குவதும் மாவு மூட்டையோடு ஏறுவதும் பெண்களின் முதுகுக்கே விதிக்கப்பட்டன. வீட்டருகே மின்னாலை வந்ததும் அவர்கள் அங்கே சென்றமைக்குக் காரணம் மரபை மறந்தமையன்று. அவர்கள் தம் உழைப்பைக் கணக்கிட்டனர். படத்திலே மரச்சக்கரத்தைக் கண்டு மகிழ்வோர் அம்மூட்டையை ஒருமுறை சுமந்து பார்த்தல் வேண்டும்.

4. ஓடை கைமாறிய வரலாறு

மேற்கூறியவற்றால் நீர்த்திரிகை குற்றமற்றதென்பது பெறப்படாது. ஆனால் அது அழிந்து வருவதற்குக் காரணம் அதன் குற்றங்களல்ல. திரிகையிலுள்ள சாதிப்பூட்டை உடைக்க வேண்டுமென்றோ பெண்ணின் சுமையை இறக்க வேண்டுமென்றோ எந்த அரசும் ஓடையைக் கையகப்படுத்தவில்லை. ஓடை கைமாறியது வேறு நோக்கத்துக்காக.

குமாவோன் மலைப்பகுதியில் நீரின்மீது அரசின் அதிகாரத்தை 1917ஆம் ஆண்டின் நீர் விதிகள் வலுப்படுத்தின. விடுதலைக்குப் பின்னர் உத்தரப் பிரதேச அரசு 1975இல் இயற்றிய குமாவோன், கர்வால் நீர்ச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. நீரைச் சேர்க்கவும் தேக்கவும் பங்கிடவுமான அதிகாரம் அரசிடம் குவிந்தது. தனியாருக்கும் கிராமங்களுக்கும் இருந்த வழக்காற்றுரிமைகள் முடிவுற்றன. அந்நிய ஆட்சியாளர் தொடங்கியதைச் சுதேச ஆட்சியாளர் நிறைவு செய்தனர் எனலாம்.

நேபாளத்தின் 1992ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம் இதனிலும் சுவையானது. நாட்டின் நீர்வளம் முழுவதும் அரசுக்கு உரியதென அது பிரகடனஞ் செய்கின்றது. குடிசைத் தொழிலாக நீர்த்திரிகை நடத்துவோருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை எனவும் கூறுகின்றது. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது பெருஞ்சலுகையாகத் தோன்றும். ஆனால் அதே சட்டம் நீர்ப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை வரிசையொன்றையும் வகுத்துள்ளது. குடிநீர், நீர்ப்பாசனம், கால்நடை மற்றும் மீன்வளம் ஆகியவற்றையடுத்து நான்காம் இடத்தில் நிற்பது நீர்மின் உற்பத்தி. குடிசைத் தொழில் அதற்கடுத்த இடத்திலேயே வருகின்றது. இதன் விளைவு வெளிப்படை. திரிகைக்காரரிடம் பத்திரம் கேட்கப்படுவதில்லை. ஆகவே அவரிடம் பத்திரமும் இல்லை. மின் நிறுவனம் பத்திரத்தோடு வருகின்றது. வழக்கு வருமாயின் தாள் உள்ளவரும் தாளற்றவரும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதில்லை. பல தலைமுறையாக நீர் ஓடிய வாய்க்கால் சட்டத்தின் கண்ணிற் சலுகையாகவும், நேற்று வழங்கிய அனுமதி உரிமையாகவும் ஆகிவிடுகின்றன.

மலைநாட்டு மின்திட்டங்கள் பல பெரிய நீர்த்தேக்கம் அமைப்பதில்லை. ஓடும் நீரையே பயன்படுத்துகின்றன. ஆகவே அவற்றாற் கேடில்லை எனக் கூறுவர். உண்மையில் நிகழ்வது யாது? நீர் ஒரிடத்தில் மறிக்கப்பட்டுச் சுரங்கக் குழாயினுட் செலுத்தப்பட்டுப் பல கிலோமீற்றருக்கு அப்பால் மீண்டும் ஆற்றில் விடப்படுகின்றது. உத்தரகண்டில் பாகீரதி ஆற்றின் நீரைக்கொண்டு இயங்கும் மனேரி பாலி இரண்டாம் கட்டம் 304 மெகாவாற் திறன் கொண்டது; 2008இல் இயங்கத் தொடங்கியது. அதன் சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். வறட்சிக் காலத்தில் மறிப்புக்கும் விடுப்புக்கும் இடைப்பட்ட ஆற்றுப்படுகையின் நிலை எத்தகையதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திரிகைகள் பெரும்பாலும் அமைந்துள்ள கிளையோடைகளைச் சிறு மின்திட்டங்கள் நாடுகின்றன. 'சிறு' என்னும் அடைமொழியும் ஏமாற்றக்கூடியது: இந்தியாவில் 25 மெகாவாற் வரையுள்ள நிலையமெல்லாம் சிறியதே. அரை கிலோவாற் திரிகைக்குப் பக்கத்தில் அது ஐம்பதினாயிரம் மடங்கு பெரியது.

நேபாளத்தின் 2001ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை, ஆற்றில் விடவேண்டிய குறைந்தபட்ச நீராக, மாதச் சராசரிகளுள் மிகக் குறைந்ததன் 10 சதவீதத்தை அல்லது சுற்றாடல் மதிப்பீடு கூறும் அளவை, இவற்றுள் எது கூடியதோ அதனைக் குறித்தது. மிக வறண்ட மாதத்தின் பத்திலொரு பங்கு என்பது மீன் நீந்தவே போதுமா என்பது வேறு விவாதம். திரிகைச் சக்கரம் அதனாற் சுழலாது என்பதில் ஐயமில்லை.

5. மாற்றார் கூற்றும் மறுமொழியும்

நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்பது இங்கே எழுப்பப்படும் முதல் வினா. வேண்டும். இருளில் இருந்து மரபைக் காக்கும்படி எந்தக் கிராமத்தையும் கோர எவருக்கும் உரிமையில்லை. நேபாளத்தின் மின்னுற்பத்தித் திறன் 2024இல் 3,000 மெகாவாற்றைக் கடந்தது. 2021 இறுதி முதல் அந்நாடு இந்தியாவுக்கு மின்சாரம் விற்று வருகின்றது. இது சாதனையே. எனினும் விற்கும் அளவுக்கு மின்சாரம் உள்ள நாட்டில், அம்மின்சாரத்துக்குத் தன் ஓடையைக் கொடுத்த கிராமம் எதனைப் பெற்றது என்று கேட்பது முன்னேற்றத்துக்கு எதிரான கேள்வியன்று.

உள்ளூர் மக்களுக்கு மின் நிறுவனப் பங்குகள் ஒதுக்கப்படுகின்றனவே என்பது இரண்டாவது மறுப்பு. திட்டத்தாற் பாதிக்கப்பட்ட மக்களுக்கெனப் பத்து சதவீதம் வரை பங்குகள் நேபாளத்தில் ஒதுக்கப்படுவதுண்டு. ஆனால் பங்கு இலவசமன்று. அரைப்புக் கூலிக்கே காசின்றி மாவிற் பங்கு கொடுத்த குடும்பம் நிறுவனப் பங்கை எதனைக் கொடுத்து வாங்கும்? நிலமும் பணமும் உள்ளவர் வாங்குவர், இல்லாதவர் விற்பர். பழைய கொட்டிலுக்குச் சாதிப்பூட்டு இருந்ததெனின் புதிய நிறுவனத்துக்குக் காசுப்பூட்டு இருக்கின்றது.

திரிகைக்காரருக்கு நட்டஈடு கொடுத்தாற் போதாதா என்பது மூன்றாவது. நட்டஈடு பெரும்பாலும் கொட்டிலுக்கும் கல்லுக்கும் மதிப்பிடப்படுகின்றது. கொட்டில் ஒருவருடையது, ஆனால் அரைக்க வந்தவர் பலர். அவர்கள் இழந்தது அருகிலே காசில்லாமல் மாவு பெறும் வழியை. எந்த மதிப்பீட்டுப் பத்திரத்திலும் அவர்களுக்கெனத் தனி நிரல் இல்லை.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வகுத்தல் அவசியமாகின்றது. ஓடை எதனையும் அனுமதிக்கு விடுமுன் அதிலுள்ள திரிகைகளும் வாய்க்கால்களும் கணக்கெடுக்கப்பட்டு, முற்பட்ட உரிமைகளாகப் பதிவு செய்யப்படல் வேண்டும். அவ்வுரிமை திரிகைக்காரருக்கு மட்டுமன்றி அதனைப் பயன்படுத்தும் கிராமம் முழுமைக்கும், சாதி வேறுபாடின்றி, உரியதாதல் வேண்டும். பொதுப்பணம் பெற்றுத் திருத்தப்படும் எந்தத் திரிகையும் எவருக்கும் கதவடைக்கக் கூடாதென்பது அதன் முதல் நிபந்தனையாதல் வேண்டும். நீரை எடுத்தே ஆகவேண்டிய இடத்தில், அதற்கீடாகக் கிராமத்தின் பொது உடைமையாக மின்னாலையும் அதனை இயக்கும் மின்சாரமும் கொடுக்கப்படல் வேண்டும். ஒருமுறை எறியப்படும் பணம் ஓடைக்கு விலையாகாது.

6. இலங்கை மலையகம் கூறும் பாடம்

இவையாவும் தூரத்து மலைகளின் பிரச்சினை எனக் கருதுவோர் இலங்கையின் மலையகத்தை நோக்குதல் தகும். மத்திய மலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றை இயக்கியது ஓடைநீரே. முதலில் நீர்ச்சக்கரங்களும் பின்னர் உலோகச் சுழலிகளும் கொழுந்து உருட்டும் பொறிகளைச் சுழற்றின. ஆனால் இங்கே ஓடை கிராமத்தினதன்று, தோட்டத்தினது. அதே நீர் கொழுந்தை உருட்டியது. கொழுந்து கொய்தவரின் லயக்காம்பிராவில் பல தசாப்தங்களாக மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தேசிய மின்வழங்கல் விரிவடைந்ததும் தோட்டச் சுழலிகள் பல கைவிடப்பட்டன. நீர்வலு இருந்தது, பொறி இருந்தது, தொழிலாளருக்கு அவற்றின்மீது உரிமை மட்டும் இருக்கவில்லை.

தேசிய மின்திட்டங்களும் இந்நிலையை உடனே மாற்றிவிடவில்லை. லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. தோட்டங்கள் சூழ்ந்த மலைகளிற் பிறந்த மின்சாரம் அத்தோட்டங்களின் லயங்களைக் கடந்து நகரங்களுக்குச் சென்றது. 2012இல் நிறைவுற்ற 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலைப் பகுதியின் ஆற்றைச் சுரங்கத்துட் செலுத்தியது. நீண்ட எதிர்ப்பின் பயனாக சென் கிளயர் நீர்வீழ்ச்சியிற் பகலிற் குறித்த நேரம் நீர் விட உடன்பாடு காணப்பட்டது. பார்ப்போருக்காக அருவிக்கு நேரம் ஒதுக்க முடிந்தது. அருவிக்கரையில் வாழ்வோரின் நீருரிமை அதேயளவு ஆர்வத்தோடு பேசப்படவில்லை.

மாறாக, 1990களிலிருந்து இலங்கையின் மலைக்கிராமங்கள் பலவற்றில் மக்கள் தாமே மின் பாவனையாளர் சங்கங்கள் அமைத்து, சிற்றோடைகளிற் சுழலி நாட்டி, வீடுகளுக்கு ஒளியேற்றினர். பொறி சிறியது, உற்பத்தி சில கிலோவாற்றுக்களே. எனினும் யார் எவ்வளவு பயன்படுத்துவது, வாய்க்காலை யார் துப்புரவாக்குவது, பழுதுக்கு யார் பணம் கொடுப்பது என்பவற்றைச் சங்கமே தீர்மானித்தது. இமயத்தின் பழைய திரிகை ஒழுங்கு தன் சாதிப்பூட்டைக் களைந்துவிட்டுப் புதிய பொறியோடு பிறந்தால் எவ்வாறு இருக்கும் என்பதற்கு இச்சங்கங்கள் ஓர் எடுத்துக்காட்டு. நீர்வலு எப்பொறியில் ஓடுகிறது என்பதிலும் அது யார் தீர்மானத்தில் ஓடுகிறது என்பதே முக்கியமானது.

மரச்சக்கரம் நாளை உலோகச் சக்கரமாகலாம். உலோகச் சக்கரம் மின்மோட்டாராகலாம். அதற்காக எவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் ஓடையை இழந்த கிராமம் மோட்டாரை வாங்கினாலும் மின்கட்டணம் கட்டும் வாடிக்கையாளராகவே எஞ்சும். நீர்த்திரிகையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பத் துடிப்போரும், அதனை அழகிய படமாகச் சட்டமிட விரும்புவோரும் அறிந்தோ அறியாமலோ ஒரே பணியைச் செய்கின்றனர்: சக்கரத்தைச் சுட்டிக்காட்டி ஓடையை மறைக்கின்றனர். மலைமக்களின் பக்கம் நிற்க விரும்பும் கல்வியாளர் முதலிற் கேட்க வேண்டியது, திரிகை பழையதா புதியதா என்பதன்று. அவ்வாய்க்காலின் மதகு யார் கையில் இருக்கின்றது என்பதே.